குதிரை படித்த பள்ளிக்கூடம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் அறுவை முடிந்து வராந்தா வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. மாடிப்படிக்கு மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு லீட்ஸில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டாள். சாயங்காலத்தில் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

போன சனிக்கிழமை செஸ்டர்ஃபீல்டில் பஸ் மாறி போல்சோவர் கோட்டைக்குப் போய் வந்தேன். இங்கிலாந்தின் நடுவில் டெர்பிஷயர் என்ற மாவட்டத்தில், ஒரு மேட்டின் விளிம்பில் நிற்கிறது. கோட்டை என்று பேரே தவிர, சண்டைக்காகக் கட்டியது இல்லை. 1612-இல் சார்லஸ் காவெண்டிஷ் என்ற பிரபு தொடங்கி, அவர் மகன் வில்லியம் பெருக்கிக் கட்டிய நாட்டுப்புற மாளிகை அது. கட்டடம் என்றால் நீ சோற்றையும் மறந்துவிடுவாய், அதனால் அங்கே சுற்றின நேரமெல்லாம் உன் ஞாபகம்தான்.

வருகிறவர்கள் முதலில், வளாகத்தில் ‘சின்னக் கோட்டை’ என்று சொல்கிற கட்டடத்தின் ஓவிய அறைகளுக்குத்தான் போகிறார்கள். நானும் போனேன், அழகுதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது, மகன் வில்லியம் 1630-களில் கட்டிய குதிரைப் பயிற்சிக்கூடம். வெளியிலிருந்து பார்த்தால் மணல் நிறக் கல்லில் நீளமான கட்டடம். கூரை விளிம்பில் வளைந்து வளைந்து எழும் முகப்புகள். பயிற்சிக்கூடம், லாடம் அடிக்கும் கொட்டில், லாயம் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன.

உள்ளே நுழைந்ததும் நான் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டேன். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. கீழே சமப்படுத்திய மண்தரை, மேலே உத்தரமும் கைமரமும் அப்படியே கண்ணுக்குத் தெரிகிற கூரை. அத்தனை அகலத்தை மரத்தாலேயே தாண்டியிருக்கிறார்கள். ஜன்னல்கள் பெரியவை, ஆனால் நம் தலைக்கு மேலே. வெளிச்சம் தாராளமாக இறங்குகிறது, வெளியே நடப்பது குதிரையின் கண்ணில் படாது. அதற்காகத்தான் அப்படி வைத்தார்கள் என்று எனக்குப் படுகிறது. ஒரு கோடியில் மாடியிலிருந்து பார்ப்பதற்கு ஒரு மாடம். பிரபுவின் விருந்தாளிகள் அங்கே நின்று கீழே நடப்பதைப் பார்த்திருப்பார்கள்.

குதிரையை ஓட்டிப் பார்க்க இந்த இடம் போதாது. இது ஓட்டத்துக்குக் கட்டியதே இல்லை. நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் கால் மாற்றுவது, பின்னங்காலில் எடை வாங்கி முன்னுடம்பைத் தூக்கி நிற்பது, எகிறிக் குதித்து அந்தரத்தில் பின்னங்காலை உதைப்பது, இவைதான் இங்கே பாடம். நான் போன அன்று பழைய கால உடுப்பில் ஒரு பெண் சாம்பல் நிறக் குதிரையில் வந்தார். அது எனக்கு நாலடி தூரத்தில் நின்றபடியே நடந்தது. கடிவாளம் தளர்ந்தே இருந்தது, அவர் கை அசைந்ததுகூடத் தெரியவில்லை. ஒரு காது மட்டும் பின்னால் அவர் பக்கம் திரும்பியிருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எனக்கே புரிந்தது.

இந்த வில்லியம் காவெண்டிஷ் கதையையும் கேள். ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்று, 1644-இல் மார்ஸ்டன் மூர் சண்டையில் தோற்று, நாட்டை விட்டே கிளம்பிவிட்டார். கடைசியில் இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில், ஓவியர் ரூபன்ஸ் வாழ்ந்த வீட்டில் வாடகைக்கு இருந்தார். கழுத்துவரை கடன். அப்போதும் குதிரைகளை விடவில்லை. 1658-இல் குதிரைப் பயிற்சி பற்றிப் பிரெஞ்சு மொழியில் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அதன் செதுக்கோவியங்கள் சிலவற்றில் முன்னால் குதிரையும் ஆளும், பின்னால் போல்சோவர். விட்டு வந்து பதினாலு வருஷமான வீட்டைப் பக்கத்தின் பின்னணியில் வரைய வைத்திருக்கிறார். விடுதியில் நீ நோட்டின் ஓரத்தில் உங்கள் வீட்டு முற்றத்தையே திரும்பத் திரும்ப வரைவாயே, அது ஞாபகம் வந்தது.

இன்னொன்று. மிருகங்களுக்குச் சிந்தனை கிடையாது என்று வாதிட்டு தத்துவவாதி டெக்கார்ட் 1646-இல் ஒரு கடிதம் எழுதினார். யாருக்குத் தெரியுமா? இவருக்குத்தான். காவெண்டிஷ் அதை ஏற்கவில்லை. குதிரை யோசிக்காது என்றால் அதற்கு எதையும் சொல்லிக் கொடுக்கவே முடியாதே என்று தன் புத்தகத்தில் திருப்பிக் கேட்டார். அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான்: யோசிக்கிற ஒரு ஜீவனுக்காகக் கட்டியதால்தான் அதற்கு இந்த உருவம். கட்டிப்போட மட்டும் என்றால் லாயமே போதும். கவனம் சிதறாத சுவர், உயரத்தில் ஜன்னல், மழைக்கும் பனிக்கும் நிற்காத பாடம், இதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு உரியவை. நாமெல்லாம் அதை மனிதர் சவாரி பழகும் இடம் என்றுதான் நினைப்போம். அங்கே முதல் மாணவன் குதிரை.

காவெண்டிஷ் 1660-இல் ஊர் திரும்பினார். 1665-இல் ட்யூக் பட்டமும் வந்தது. அவர் காலத்துக்குப் பின் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. விருந்து நடந்த நீண்ட மாளிகையின் கூரையிலிருந்து ஈயத் தகடுகளைக் கழற்றி, குடும்பத்தின் இன்னொரு வீடான வெல்பெக்குக்குக் கொண்டுபோனார்களாம். கூரை போனால் சுவர் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அந்த அறைகளுக்குள் புல் முளைத்திருக்கிறது, ஜன்னல் வழியாக வானம் தெரிகிறது. பயிற்சிக்கூடம் இன்னும் கூரையோடு நிற்பதைப் பார்த்தபோது கண் கலங்கியது. பஸ் வரும்வரை திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூரை மரங்கள் சேரும் இடத்தை எனக்குத் தெரிந்த மட்டில் பென்சிலால் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். முப்பது வருஷம் பொதுப்பணித் துறையில் கூரைகளைச் சரிபார்த்தவன் நீ. பாரம் எந்த வழியாகச் சுவருக்கு இறங்குகிறது என்று பார்த்து எழுது. படத்தில் தப்பு இருந்தால் சொல், அடுத்த மாதம் மறுபடி போகிறேன், சரியாக வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்