நடுநிலைப் பள்ளிகளை ஒப்பிடச் சராசரி மதிப்பெண் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு வட்டாரத்திலுள்ள அரசு நடுநிலைப் பள்ளிகளை எட்டாம் வகுப்புச் சராசரி மதிப்பெண்ணைக் கொண்டு வரிசைப்படுத்தும் வழக்கம் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். மகளை ஆறாம் வகுப்பில் சேர்ப்பதற்காக அண்மையில் மூன்று பள்ளிகளுக்கு நேரில் சென்று வந்தேன். அத்தகைய பட்டியலை மட்டும் நம்பி முடிவெடுக்கும் பெற்றோர் ஏமாந்துபோவார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பட்டியலில் முதலிடத்தில் இருந்த பள்ளியில் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்த விடைக்கும் சரி என்று குறியிட்டிருந்தார்கள். கடைசியில் இருந்த பள்ளியிலோ, அதே பிழையைச் செய்திருந்த மாணவியின் நோட்டில், ‘அரையைவிடக் குறைந்துவிட்டதே, படம் வரைந்து பார்’ என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் அந்தப் பெண் கட்டம் போட்டு, ஆறில் ஐந்து என்ற விடையைத் தானே கண்டுபிடித்திருந்தாள். ஒரு நோட்டை வைத்து ஒரு பள்ளியையே எடைபோட முடியாது என்பதை அறிவேன். ஆனாலும் இந்த வேறுபாட்டுக்குப் பட்டியலில் இடமே இல்லை.

வாசிக்கவே தடுமாறும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டு, மூன்றே ஆண்டுகளில் பாடநூலைத் தாமாகப் படிக்கும் அளவுக்குக் கொண்டுவரும் பள்ளியையும், முன்பே நன்றாகப் படிப்பவர்களைச் சேர்த்து அவர்களை அதே நிலையில் அனுப்பும் பள்ளியையும் இறுதி மதிப்பெண்ணைக் கொண்டு ஒப்பிடுவது நியாயமன்று. இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளிவாரியான தேர்வு முடிவுகள் வெளியிடப்படுகின்றன. இந்தக் குறையை அங்கு உணர்ந்ததால், தொடக்கப் பள்ளி முடிவில் ஒரே நிலையில் இருந்த மாணவர்களோடு ஒப்பிட்டு முன்னேற்றத்தை அளக்கும் முறையை 2016-இல் முதன்மை அளவுகோலாக்கினார்கள். அதற்காகப் பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2001-இல் இங்கிலாந்தின் அண்டை நாடான வேல்ஸ் இத்தகைய பட்டியலை வெளியிடுவதையே நிறுத்தியபோது, அங்குள்ள மாணவர்களின் தேர்ச்சி இங்கிலாந்தோடு ஒப்பிடுகையில் பின்தங்கியதைப் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வெளிப்படைத்தன்மை தேவைதான்; எதை வெளியிடுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

மாணவர் எண்ணிக்கையையும் கவனிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் 20 பேர் மட்டுமே உள்ள பள்ளியில் ஒருவர் தவறினாலே தேர்ச்சி விகிதம் 5 சதவீதம் சரிந்துவிடும். 200 பேர் உள்ள பள்ளியில் அதே சரிவு அரை சதவீதம்தான். சிறிய பள்ளிகள் ஓராண்டு உச்சியிலும் மறு ஆண்டு அடியிலும் தென்படுவதற்கு, கற்பித்தலில் ஏற்பட்ட மாற்றம் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே, இத்தகைய பட்டியலைத் தங்கள் நாளிதழ் இனி வெளியிடும்போது, ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று ஆண்டுகளின் முடிவுகளைச் சேர்த்து, தேர்வெழுதியோர் எண்ணிக்கை, ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அவர்கள் இருந்த நிலை, நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்கள் ஆகியவற்றையும் அருகிலேயே அச்சிடுமாறு வேண்டுகிறேன். சேர்க்கைக்கு முன் பெற்றோர் ஒரு நாள் வகுப்பறைக்குள் அமர்ந்து பார்க்கப் பள்ளிகள் அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் தாங்கள் எழுப்பினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பில் சேரவிருக்கும் மாணவியின் தாய்