இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் மடல்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவுபெற்றிருக்கிறது. தமிழ்மொழித்தினப் போட்டிகளில் நம் பிள்ளைகள் கோட்ட மட்டத்தில் வென்று வலய மட்டம் வரை சென்றார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தவர்கள் முன்னேறியிருக்கிறார்கள். கடும் மழையிலும் வரவு பெரிதாகக் குறையவில்லை. சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வந்த பெற்றோருக்கும், பிள்ளைகளைத் தயார்ப்படுத்திய ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள்.

தவணை இறுதியில் நடந்த ஆக்கக் கண்காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

மண்டபம் பார்க்க அழகாகவே இருந்தது. ரெஜிபோம் நுரை அட்டையில் வெட்டி ஒட்டிய ஒரு கோயில், கோபுரத்தில் சின்னச் சின்ன பல்புகளோடு மின்னியது. அதைக் கொண்டுவந்த தரம் 3 மாணவனிடம், “கோபுரத்தை எப்படி மகன் நிமிர்த்தி ஒட்டினாய்?” என்று கேட்டேன். “தெரியாது சேர், மாமாதான் செய்தார்” என்றான்.

அதே மேசையின் ஓரத்தில் களிமண்ணால் செய்த தேயிலைக் கொழுந்துக் கூடை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் சரிந்த கூடை. விளிம்பைச் சுற்றிப் பெருவிரல் பதிந்த தடங்கள். தலையில் மாட்டும் கயிற்றைக் களிமண்ணில் திரிக்க வரவில்லை போலும். சணல் நூலை ஈர மண்ணுக்குள் அழுத்திக் காயவிட்டிருந்தாள் அந்தப் பிள்ளை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் எட்டு வயதில் தானாகக் கண்ட வழி அது. ஆனால் பக்கத்துக் கோயிலைப் பார்த்ததும் அவள் தன் கூடையை மேசையின் பின்பக்கம் தள்ளி வைத்துவிட்டாள். இம்மடலை எழுதக் காரணம் அதுவே.

உங்களைக் குறைகூற எழுதவில்லை. நாள் முழுவதும் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, இரவு கண்விழித்துப் பிள்ளைக்காகக் காகிதப்பூ ஒட்டும் தாய்மாரை நான் அறிவேன். நம் பிள்ளை நாலு பேர் முன் தலைகுனியக் கூடாது என்ற எண்ணந்தான் அதற்குக் காரணம். டவுனில் கொமினிகேஷன் கடைக்குப் போய்ப் படங்களை அச்சிட்டு ஒப்படையை முடித்துக் கொடுப்பதும் அந்த அக்கறையால்தான். ஆனால் அந்த உதவியால் பிள்ளை எதை இழக்கிறது என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

களிமண் பிசையும் விரலுக்குத்தான் பென்சில் பிடிக்கும் வலு வருகிறது. ஒரு தாளை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்துப் பூ வெட்டுகிற பிள்ளைக்குப் பின்னம் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புள்ளிக் கோலம் போடுகிறவளுக்குச் சமச்சீர் விளங்கிவிடுகிறது. “புலமைப்பரிசிலில் சித்திரம் வருவதில்லையே சேர்” என்று சிலர் கேட்கிறார்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்திரப் பாடம் இல்லைதான். ஆனால் உருக்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வினாக்கள் வருகின்றனவே! வெட்டியும் மடித்தும் திருப்பியும் பார்த்த கைக்கு அவை புதிதல்ல. தரம் 6இல் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என ஏதேனும் ஓர் அழகியல் பாடத்தைப் பிள்ளை தெரிவுசெய்தாகவும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தரம் 2 பிள்ளை ஒருத்தி அம்மாவை வரைந்திருந்தாள். முதலில் கூடையை அம்மாவைவிடப் பெரிதாகப் போட்டிருந்தாள். வீட்டில் யாரோ அதை அழித்து, அளவாக ஒரு கூடை வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அழித்த இடத்தில் தாள் தேய்ந்து கிழிந்திருந்தது. அந்தப் பெரிய கூடை பிழையல்ல. அம்மா சுமக்கும் பாரம் அவள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிந்திருக்கிறது. அதை அழிக்க நமக்கு உரிமை இல்லை.

ஆகவே அடுத்த தவணை முதல், காட்சிக்கு வைக்கும் ஆக்கங்கள் எல்லாம் வகுப்பறையிலேயே செய்யப்படும். வீட்டில் செய்துகொண்டு வருபவையும் கடையில் வாங்குபவையும் ஏற்கப்பட மாட்டா. இதில் விதிவிலக்கு இல்லை. ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்து ரெஜிபோமும் மினுக்குத் தாளும் வாங்க வேண்டாம். எந்த ஆசிரியராவது வாங்கிவரச் சொன்னால் நேரே என்னிடம் வந்து சொல்லுங்கள். சித்திரத்துக்கும் கைவேலைக்கும் உரிய நேரத்தில் கடந்தகால வினாத்தாள்களைச் செய்விக்கும்படி ஆசிரியர்களை வற்புறுத்துவதையும் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

உங்கள் கை பாடசாலைக்கு வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. மாசி பிறந்தால் காமன் கூத்து ஆடும் தோட்டங்கள் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. ரதி, மன்மதன் வேடம் கட்டியவர்கள், தப்பு மேளம் அடிக்கத் தெரிந்தவர்கள், பொன்னர் சங்கர் கதையை இரவெல்லாம் பாடக்கூடிய தாத்தாமார், கும்மிப் பாட்டு தெரிந்த அம்மாயிகள் உங்கள் லயக் குடியிருப்புகளிலேயே இருக்கிறார்கள். மூன்றாம் தவணையில் அவர்களை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். பிள்ளைகள் கேட்கட்டும், ஆடட்டும், தாளம் தப்பினால் தப்பட்டும்.

பழைய பத்திரிகைகள், வெற்று அட்டைப்பெட்டிகள், தையலில் மிஞ்சிய துணித் துண்டுகள், உதிர்ந்த சவுக்குக் காய்கள் போன்றவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். களிமண் கொண்டுவந்து தருவதாக ஒரு தந்தை ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். அவருக்கு என் நன்றி. வேலைநாளிலும் நேரம் ஒதுக்கிக் கண்காட்சிக்கு வந்த ஒவ்வொருவருக்கும், கட்டில்லாத அன்போடு இப்பாடசாலையைத் தாங்கி நிற்கும் உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
அதிபர்