குஞ்சியப்பாவைப் பற்றி அக்காவுக்கு

ஸ்காபரோ, ரொறன்ரோ

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அத்தானும் பிள்ளைகளும் நீங்களும் நலமாக இருக்க மாவைக் கந்தனை வேண்டுகிறேன். குஞ்சியப்பா நம்மை விட்டுப் போய், அவருக்குப் படைக்கும் எட்டுச் செலவும் நேற்று முடிந்தது. தொலைபேசியில் அழுகையோடு சொன்னவை பாதியும் உங்களுக்கு விளங்கியிராது என்பதால், இப்போது ஆறுதலாக இருந்து எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்து, 1990 ஆனியில் மயிலிட்டி வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வெளியேறிய குஞ்சியப்பாவை உங்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு கனடா வந்த பிறகு அவர் வாழ்ந்த வாழ்வை நீங்கள் கண்டதில்லை. பகலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். இரவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்தச் சம்பளத்தில் சீட்டுக் கட்டி, உண்டியல்காரர் மூலம் ஊருக்குக் காசு அனுப்பி, குஞ்சியம்மாவையும் அவர்கள் மகளான தங்கச்சியையும் கூப்பிட்டு எடுத்தார். இது இங்கே வந்த எத்தனையோ பேருடைய கதைதான். அவரை நாங்கள் நினைத்து நினைத்து அழுவது வேறொன்றுக்காக.

1997 இல் நான் வந்து சேர்ந்தபோது அவர்கள் ஒரு பேஸ்மென்டில் குடியிருந்தார்கள். அங்கே இருந்த ஒரேயொரு மேசையில் சாப்பாட்டுக் கோப்பைகளை விட, புதிதாக வந்தவர்களின் அகதிக் கோரிக்கைப் படிவங்களே அதிகம் இருந்தன. வேலை முடிந்து வந்து, கால் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு அந்த மேசையில் இருந்தால் நடுச்சாமம் வரை எழும்பமாட்டார். வந்தவர்களுக்குத் தங்கள் ஊரில் குண்டு விழுந்த நாளோ, தம்பியைப் பிடித்துக்கொண்டு போன நாளோ ஆங்கிலத் திகதியில் நினைவில் இருக்காது. 'மாவிட்டபுரத்துத் தேருக்கு முதல் கிழமை', 'நல்லூர்க் கொடியேறி மூன்றாம் நாள்' என்றுதான் சொல்வார்கள். குஞ்சியப்பா பழைய வாக்கிய பஞ்சாங்கங்களை எங்கிருந்தெல்லாமோ தேடிச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றை விரித்து, திதியையும் நட்சத்திரத்தையும் விரலால் தொட்டுக் கணக்கிட்டு, ஆங்கிலத் திகதியைக் கண்டுபிடித்துப் பென்சிலால் குறித்த பின்னரே பேனையை எடுப்பார். விசாரணையில் திகதிகள் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால், உண்மையைச் சொல்பவனையும் பொய்யன் என்று நினைத்துவிடுவார்கள் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

என்னுடைய படிவத்தையும் அப்படித்தான் எழுதினார். 1995 ஐப்பசி இறுதியில் யாழ்ப்பாணமே எழும்பிச் செம்மணிப் பாதையால் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவைப் பற்றி நான் கொஞ்சம் கூட்டிச் சொல்ல வாயெடுத்தபோது, நடந்ததே போதும் தம்பி, அதை மட்டும் சொல் என்றார். அகதியாக வந்தவனின் சொல் நம்பத்தக்கதா என்று தீர்மானிப்பதற்கு முன் அவனை நேரில் இருத்திக் கேட்க வேண்டும் என்று இந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1985 இல் தீர்ப்பளித்திருந்தது. கேட்பதற்கு ஆள் இருக்கும்போது நாம் ஏன் பயப்பட வேண்டும் என்பார். அன்றிலிருந்து அவர் எனக்கு அப்பாவின் தம்பி மட்டுமல்ல. வேலை பறிபோனபோதும், கலியாணத்துக்கு முன் மனம் குழம்பியபோதும், அப்பாவின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் நான் இங்கே துடித்தபோதும், அறிவுரை ஒன்றும் சொல்லாமல் தேநீர் ஊற்றித் தந்து பக்கத்தில் இருந்த நண்பர் அவர். வயதில் மூத்த ஒருவர் அப்படி நண்பராக வாய்ப்பது பெரும் பேறு, அக்கா.

ஊரை அவர் ஒருநாளும் விட்டிருக்கவில்லை. காங்கேசன்துறை வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய 2015 இல் வந்து, கடைசி நிலையத்தில் இறங்கியும் இராணுவ வேலிக்கு அப்பால் போக முடியாமல் திரும்பியது உங்களுக்கு நினைவிருக்கும். 2017 ஆடியில் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடப்பட்டதும் நீங்கள் அனுப்பிய படத்தில், கூரையில்லாத வீட்டுக்குப் பின்னால் கிணற்றுக் கட்டு மட்டும் முழுசாக நின்றது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் துலா நின்ற இடத்தைக் காட்டுவார்.

செத்தவீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் பலரும் பலவிதமாகப் பேசக்கூடும். இங்கே தை மாதத்தில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக்குப் போகிறது. வீட்டில் வைத்துக் கிரியை செய்ய வழியில்லை. மலர்ச்சாலை மண்டபத்தில் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்தோம். உரலும் உலக்கையும் குஞ்சியம்மா ஊரிலிருந்து கொண்டுவந்தவை. ஊரில் பெண்கள் படலையோடு நின்றுவிடுவார்கள். இங்கே எல்லோரும் தகனசாலை வரை போகிறார்கள். கொள்ளி வைப்பது என்பது இங்கே ஒரு பொத்தானை அழுத்துவதுதான். அதை அழுத்தியது தங்கச்சி. பெறாமகன் நான் இருக்க மகள் கொள்ளி வைப்பதா என்று சில பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அது குஞ்சியப்பாவின் விருப்பம். ஆசுபத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி மூன்று ஆண்டுகள் தன்னைத் தூக்கிக் குளிப்பாட்டிய பிள்ளையே தன்னை அனுப்பவும் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டிருந்தாலும் அதுவே நியாயம் என்பது என் எண்ணம்.

எட்டுச் செலவுக்கு அவருக்குப் பிடித்த ஒடியற்கூழ் காய்ச்சிப் படைத்தோம். ஒடியல்மா இங்கே தமிழ்க் கடைகளில் பைக்கற்றில் கிடைக்கிறது, நண்டும் கிடைத்தது, பிளா கோலப் பனையோலைக்குத்தான் வழியில்லை. அவர் படிவம் எழுதிக் கொடுத்தவர்கள், இன்று தலை நரைத்தவர்கள், வேலைக்கு லீவு போட்டு வந்து கடதாசிக் கோப்பைகளில் கூழை வாங்கிக்கொண்டு, தங்கள் வழக்கு நாட்களைப் பற்றி இரவு வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

உங்களிடம் கேட்க வேண்டிய உதவிகள் சில உண்டு. தங்கச்சி அஸ்தியோடு அடுத்த கிழமை புறப்படுகிறாள். அந்தியேட்டியைக் கீரிமலையில் செய்ய வேண்டும். அஸ்தியைக் கடலில் கரைப்பதும் அவளாகவே இருக்க வேண்டும் என்பதைக் குருக்களிடம் இப்போதே பேசி ஒழுங்கு செய்யுங்கள். பெரியமாமா மறுத்தால் இந்தக் கடிதத்தையே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நினைவு மலரான கல்வெட்டில் போட அப்பப்பா வழி வம்சாவளியை எழுதி அனுப்புங்கள். திதி வெண்பாவை உங்கள் பாடசாலைத் தமிழாசிரியரைக் கொண்டு எழுதுவித்தால் நல்லது. சீமெந்துத் தொழிற்சாலை நாட்களில் எடுத்த படம் அம்மாவின் றங்குப் பெட்டியில் இருக்கக்கூடும். தேடிப் பார்த்து, வாட்சப்பில் அனுப்பிவிடுங்கள். அச்சுக்குக் கொடுக்க இன்னும் சில நாட்களே இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி