தூதுவர் பதவியை ஆருக்குக் குடுக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பரில தூதுவர் உத்தியோகத்தைப் பற்றி வந்த கட்டுரையை வாசிச்சன். நல்ல கட்டுரைதான், ஆனா கோட் சூட், விருந்து, நற்சான்றுப் பத்திரம் கையளிக்கிற படம் எண்டு அதோட நிண்டுட்டுது, அதுக்குள்ள இருக்கிற வேலையைப் பற்றி ஒண்டும் வரேல்ல.

எங்கட திருகோணமலைக் கடலையே எடுங்கோ. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில இருந்து பலநாள் போட் எடுத்துக்கொண்டு போற ஆக்களுக்கு 200 கடல் மைல் வரைக்கும் மீன்பிடி உரிமை எங்கட நாட்டுக்கு எண்டு தெரியும், அந்த உரிமையை உலகம் முழுக்க உறுதியாக்கின ஐ.நா. கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 இல இருந்து தலைவரா இருந்தவர் எங்கட நாட்டு ஷேர்லி அமரசிங்க எண்டது எத்தினை பேருக்குத் தெரியும்? சிவில் சேர்விஸில சேர்ந்து படிப்படியா வந்த மனுசன், 1976 இல ஐ.நா. பொதுச் சபைக்கும் தலைவர். 1977 இல இங்க ஆட்சி மாறினாப் பிறகு அவர் வகிச்ச எங்கட நாட்டு ஐ.நா. பிரதிநிதிப் பதவி அவரை விட்டுப் போட்டுது, சொந்த நாட்டுக் குழுவிலயே இல்லாதவர் எப்பிடித் தலைவரா இருக்கிறது எண்டு 1978 இல மாநாட்டில பெரிய வாக்குவாதம், ஆனாலும் அவரே இருக்கோணும் எண்டு முடிவாச்சு. 1980 கடைசியில காலமாகுமட்டும் அவர்தான் தலைவர், உடன்படிக்கை 1982 இல கையெழுத்தாகிறதைப் பாக்க அவருக்குக் குடுத்து வைக்கேல்ல. வங்காள விரிகுடாவுக்கு அடியில தடிப்பாப் படிஞ்சு கிடக்கிற மண்ணைக் காட்டி 200 மைலுக்கும் அப்பால எங்கட கடலடி எல்லையை அளக்க வேற முறை ஒண்டையும் அந்த மாநாட்டிலதான் எங்கட ஆக்கள் பேசி வாங்கினது, 2009 இல ஐ.நா.வுக்குக் குடுத்த கோரிக்கை அதை வைச்சுத்தான். இதெல்லாம் வருசக்கணக்கா கோப்பும் சட்டமும் படிச்சவனால மட்டும் ஏலும் வேலை.

மற்றப் பக்கம், கிண்ணியா, மூதூரில இருந்து வீட்டு வேலைக்குப் போன ஒரு பிள்ளை வளைகுடாவில மோசம் போனா, உடம்பை அனுப்ப முதலாளியோடயும் அந்த நாட்டு ஒஃபீஸ்களோடயும் மல்லுக்கட்டுறதும் தூதரகம்தான். எங்கட தெருவில ஒரு குடும்பத்துக்கு அப்பிடி நடந்த நேரம் தூதரகத்தில இருந்த ஒரு இளம் ஒஃபீசர் ராவில ஃபோன் எடுத்து, தமிழில கதைச்சு, கலியாண சேட்டிபிக்கட்டையும் ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதத்தையும் வட்ஸ்அப்பில படம் எடுத்து அனுப்பச் சொல்லி, பொறுமையா ஒவ்வொண்டா வாங்கினவர், தாய்க்காரி அழ அழ லைனிலயே நிண்டவர்.

பரீட்சை எழுதி, மூன்றாம் செயலாளர், இரண்டாம் செயலாளர் எண்டு ஏறி, பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தையும் நாட்டுக்கு நாடு மாத்தி இப்பிடி வாற ஆக்கள் இருக்கேக்க, மேல உள்ள கதிரையில கட்சிக்கு வேண்டியவரையோ சொந்தக்காரரையோ கொண்டு வந்து இருத்துறது பெரிய அநியாயம். நியமிக்கிறது ஜனாதிபதி, பாராளுமன்ற உயர் பதவிகள் குழுவும் பாக்குது, உண்மைதான், ஆனா வெளியில இருக்கிற எங்களுக்கு அந்த ஆளைப் பற்றி என்ன தெரியுது?

அதால உங்களிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதுத் தூதுவர் படம் போடேக்க அவர் எத்தினை வருசம் சேவையில இருந்தவர், என்னென்ன பாசை தெரியும், முந்தி எங்கெங்க வேலை செய்தவர் எண்டும் சேத்துப் போடுங்கோ. வெளிநாட்டுச் சேவைப் பரீட்சைக்கு கசெட் வந்தா அதை முதல் பக்கத்திலயே போடுங்கோ, இங்க கெட்டிக்காரப் பிள்ளையள் நிறைய இருக்குதுகள், விண்ணப்பத் திகதி முடிஞ்சாப் பிறகுதான் அதுகளுக்குத் தெரிய வருது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.