மருந்துவாழ்மலைப் பாதையைப் பேணும் தன்னார்வலர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை அமைந்துள்ள மருந்துவாழ்மலையின் நடைபாதையை, உள்ளூர் இளைஞர்கள் சிலர் விடுமுறை நாள்களில் சீரமைத்து வருகின்றனர். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், மலைப்பாதையை அதிகம் கெடுப்பது நடப்பவர்களின் கால்கள் அல்ல, பாதையையே ஓடையாக்கிப் பாயும் மழைநீர்தான் என்பதால், நெகிழிப் புட்டிகளைப் பொறுக்குவதோடு நின்றுவிடாமல், பாதையின் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கல் பதித்து நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் அவர்களது வேலை பாராட்டத்தக்கது. கடப்பாரையும் மண்வெட்டியும் அவர்கள் சொந்தச் செலவு. அதையாவது உள்ளாட்சி ஏற்கலாம்.

ஆனால், வழியை மறைக்கும் புதரோடு மூலிகைச் செடிகளும் வெட்டுப்படுகின்றன. எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பதை வனத்துறையினர் மே மாதத்திலேயே, மழைக்கு முன்பாக, அவர்களுக்கு நேரில் காட்டித்தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பொற்றையடி.