ஒன்பதுக்கு ஒன்று

சண்டர்லாந்து, இங்கிலாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

எனக்கு வேலை நியூகாசிலில், வீடு சண்டர்லாந்தில். இங்கே வாடகை குறைவு. மெட்ரோ ரயிலில் அரை மணி நேரம்தான். ஆனால் கால்பந்து என்று வந்துவிட்டால் இரண்டு ஊருக்கும் ஜென்மப் பகை. குடியிருக்கும் ஊரைச் சொன்னதும் அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். குப்பைத் தொட்டியை வெளியே தள்ளிக்கொண்டு வரும்போதெல்லாம் ஒரே கதைதான். 1908 டிசம்பர் 5. நியூகாசிலின் சொந்த மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க். நியூகாசிலின் ஷெப்பர்டு பெனால்டியில் கோல் போட, இடைவேளையில் 1-1. அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்குள் சண்டர்லாந்து எட்டு கோல்! மொத்தத்தில் ஹாகும் ஹாலியும் ஆளுக்கு மூன்று, பிரிஜெட் இரண்டு, மோர்டியூ ஒன்று. பெரியவர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு கோலுக்கும் தொட்டியின் மூடியைப் படாரென்று அடிக்கிறார்.

அவர் விழுங்கிய மிச்சத்தை அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த 1908-09 லீக் பட்டம் நியூகாசிலுக்குத்தான்! வெற்றிக்கு இரண்டே புள்ளி தந்த காலத்தில், இரண்டாவதாக வந்த எவர்டனைவிட ஏழு புள்ளி கூடுதல். சண்டர்லாந்து மூன்றாம் இடம். ஐந்து பருவங்களில் நியூகாசிலுக்கு அது மூன்றாவது பட்டம். வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் எந்த ஆட்டக்காரருக்கும் சம்பளம் தரக்கூடாது என்று விதி இருந்த காலம், மாமா. அந்த அணியின் காலின் வீட்ச் பாட்டு, நாடகம் என்றும் ஈடுபட்டவர். நியூகாசிலின் மக்கள் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். சபாவில் வேஷம் கட்டிய உங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

என்னைக் கேட்டால் பட்டம்தான் பெரிது. பெரியவரிடம் மட்டும் சொல்லமாட்டேன். வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோனால் ஓடி வருபவர் அவர்தான்.

சண்டர்லாந்தின் பழைய ரோக்கர் பார்க் மைதானம் இப்போது குடியிருப்பு. தெருக்களுக்கு மிட்ஃபீல்ட் டிரைவ், புரமோஷன் குளோஸ் என்றெல்லாம் பெயர். மூடிய நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் புது மைதானம் எழுந்திருக்கிறது. நீங்கள் வந்தால் இரண்டையும் காட்டுகிறேன்.

பணம் அனுப்பியிருக்கிறேன், மழைக்கு முன் ஓடு மாற்றிவிடுங்கள். வியாசர்பாடியில் நீங்கள் பயிற்சி தரும் பையன்களின் கால் அளவை எழுதுங்கள். பருவம் முடிந்ததும் இங்கே பூட்ஸ் தள்ளுபடியில் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்