கயிற்றில் ஏறிய சுண்ணாம்பு

கடல்பாசி வளர்ப்புக்குக் கயிறு கொள்முதல் செய்யும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். வேதாளையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அம்மா முன்பு தீவோரம் முங்கிப் பாசி எடுத்தவர், இப்போது தெப்பம் கட்டி வளர்க்கிறார். ஊரில் ‘பெப்சி பாசி’ என்போமே, அந்தக் கப்பாபைகஸ்தான். ஒரு தெப்பத்துக்கு 20 கயிறு, ஏறத்தாழ 60 கிலோ விதைப்பாசி, 45 நாளில் அறுவடை. போன ஆண்டு மானியத்தில் வந்த கயிறு அந்த 45 நாள்கூடத் தாங்கவில்லை. கச்சான் காற்று எழும்பிய ஒரு ராத்திரியில் அறுந்துபோய், காலையில் பாசி முழுக்கக் கரையில் கிடந்தது.

கயிறு கொடுத்தவர்களைக் கேட்டதற்கு “அலை பெருசும்மா” என்றார்கள். கச்சான் காலத்தில் அலை பெருசாகத்தான் இருக்கும்!

நான் வேதியியல் படித்தவள். அறுந்த துண்டை உருக்கி, ஆறிய கட்டியைத் தண்ணீரில் போட்டேன். மூழ்கியது. மிதக்க வேண்டிய சரக்கு அது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், கயிறு செய்யும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்குக்கு 0.9தான்; விலை குறைக்க அதில் கலக்கும் சுண்ணாம்புக்கல்லுக்கு 2.7. கணக்குப் போட்டால், எடையில் ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு மேல் சுண்ணாம்புப் பொடி சேர்ந்தால்தான் கட்டி நல்ல தண்ணீரில் மூழ்கும். எரித்த சாம்பலில் எலுமிச்சைச் சாறு விட்டேன், நுரைத்தது. அப்புறம் சந்தேகத்துக்கு இடமேது?

பொடி கலப்பதே மோசடி என்று நான் சொல்லவில்லை. நம் ஃபைபர் வல்லத்தில் இருப்பதும் பிசினும் கண்ணாடி இழையும்தான். பிசின் மட்டும் என்றால் முதல் இடியிலேயே விரிந்துவிடும். 1980களில் டொயோட்டா ஆய்வுக்கூடத்தில் நைலானோடு ஒரு கைப்பிடிக் களிமண்ணைச் சேர்த்தார்கள். 5 சதவீதம்கூட இல்லை, ஆனால் அது தாள் தாளாகப் பிரிந்து நைலானுக்குள் பரவியதால் விறைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

சேர்க்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பிளாஸ்டிக் வளைவதும் இழுபடுவதும் அதன் நீளமான மூலக்கூறு இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால். பொடி நைசாக, தனித்தனியாக, அளவோடு நின்றால் இழைகளுக்கு நடுவே அசைய இடமிருக்கும். கட்டி கட்டியாகச் சேர்ந்தால், கயிறு இழுபடும்போது கட்டியின் ஓரத்தில் பிளாஸ்டிக் விட்டுப் பிரிந்து நுண்ணிய ஓட்டை விழும். விரிசல் அங்கேதான் பிறக்கும். அதனால்தான் சுண்ணாம்புப் பொடிக்கு ஸ்டியரிக் அமிலப் பூச்சும், கண்ணாடி இழைக்குச் சிலேன் பூச்சும் கொடுக்கிறார்கள். முதலாவது கட்டி சேராமல் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, பிசினோடு கைகோத்துக்கொள்ளும். கிலோ விலையைக் குறைக்க வாரிக் கொட்டுகிற பொடியில் இந்த அக்கறையை எதிர்பார்க்க முடியாது.

மன்னார் வளைகுடா முத்துச்சிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்பக்கப் பளபளப்பில் 95 சதவீதம் இதே சுண்ணாம்புக்கல்லின் பொருளான கால்சியம் கார்பனேட்தான். ஆனால் அரை மைக்ரான் கனமுள்ள சில்லுகளை அடுக்கி, நடுவே புரதப் பசை தடவியிருக்கிறது. அடி விழுந்தால் சில்லுகள் லேசாக வழுக்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வெறும் கனிமத்தைவிடப் பல மடங்கு தாங்கும். அதே சுண்ணாம்பு சிப்பிக்குள் காவல், எங்கள் கயிற்றுக்குள் கலப்படம்.

கேட்பது இதுதான். கொள்முதல் விதியில் கயிற்றின் தடிமனோடும் எடையோடும் சாம்பல் அளவுக்கும் ஒரு வரம்பு எழுதுங்கள். எடைக்குக் காசு கொடுக்கும்வரை சுண்ணாம்புக்கும் சேர்த்தே கொடுப்பீர்கள். ஒரு துண்டை உலையில் எரித்து மிச்சத்தை நிறுப்பது ஒரு நாள் வேலை. அறுபடும் விசையைப் புதுக் கயிற்றில் பார்ப்பதோடு நிற்காமல், 45 நாள் வெயிலிலும் உப்புநீரிலும் கிடந்த பிறகும் பாருங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது, காரைக்குடியில் மின்வேதியியல் நிறுவனம் இருக்கிறது. கேட்டால் வழி சொல்ல மாட்டார்களா?

அறுந்த கயிற்றில் இரண்டு முழம் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒரு முழம் உங்களுக்கு. யாராவது வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பாசிக்காரி மகள்,
வேதாளை